காய்ச்சலோடு கண்ணும் சிவந்தால்…

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. மூன்று நாளாகக் காய்ச்சல், 102 டிகிரி வரை ஏறுகிறது. இரண்டு கண்ணும் சிவந்திருக்கின்றன, ஆனால் பீளை இல்லை. தலை வலிக்கிறது என்று அழுகிறான். இது மெட்ராஸ் ஐ தானா? வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தைப் போடலாமா?

பதில்: முதலில் அந்தச் சொட்டு மருந்தைத் தூக்கிப் போடுங்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்து, கண்ணில் ஹெர்பெஸ் வைரஸும் இருந்துவிட்டால் கருவிழியே கெட்டுப்போகும்.

காய்ச்சல் ஏறும்போது எந்தக் குழந்தைக்கும் கண் லேசாகச் சிவக்கும், தலையும் வலிக்கும். பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சல் இறங்கிய பிறகும் கண் சிவப்பாகவே இருக்கிறதா என்று பாருங்கள். தொண்டை வலியும் இருந்தால் பெரும்பாலும் அடினோ வைரஸாக இருக்கும். அது தானாகவே சரியாகிவிடும். இருமல், மூக்கொழுகல், கண்ணில் நீர் என்று தொடங்கி, சில நாளில் காதுக்குப் பின்னாலும் முகத்திலும் தடிப்பு கிளம்பினால் தட்டம்மை. தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள்.

கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்று சொன்னால் டெங்குவை நினைக்க வேண்டும். அது இல்லை என்று தெரியும் வரை ஐபுபுரூஃபன் வேண்டாம். ஆஸ்பிரினைக் குழந்தைகளுக்கு நீங்களாகக் கொடுக்கவே கூடாது. டெங்குவில் காய்ச்சல் விட்டதும் பெற்றோர் நிம்மதியாகிவிடுவார்கள். உண்மையில் ஆபத்தான நேரம் அப்போதுதான் ஆரம்பிக்கிறது. வயிற்று வலி, விடாத வாந்தி, ரத்தக் கசிவு, சோர்ந்து கிடப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனைக்கு ஓடுங்கள். தேங்கிய நீரில் விளையாடிய பையன் கெண்டைக்கால் வலிக்கிறது என்றால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பீளை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல கவனிப்பு. பீளையே இல்லாமல் இரண்டு கண்ணும் சிவந்து, காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டினால் கவாசாகி நோயா (ரத்தக் குழாய்களில் அழற்சி உண்டாக்கும் நோய்) என்று பார்த்தாக வேண்டும். 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கே அதிகம் வருகிறது என்றாலும் 6 வயதில் வராது என்றில்லை. உதடு வெடிக்கும், நாக்கு ஸ்ட்ராபெர்ரி போலச் சிவக்கும், கை கால் வீங்கும், உடம்பில் தடிப்பு வரும், கழுத்தில் நெறி கட்டும். இவை எல்லாம் ஒரே நாளில் தெரிவதில்லை. ஒன்று மறைந்த பிறகு இன்னொன்று வரலாம். அதனால்தான் இது எளிதாகக் கை நழுவிப்போகிறது. சிகிச்சை இல்லாவிட்டால் ஏறத்தாழ நாலில் ஒரு குழந்தைக்கு இதய ரத்தக் குழாய் வீங்கிவிடும். காய்ச்சல் தொடங்கிய 10 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்தை ரத்தத்தில் ஏற்றினால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும்.

கழுத்தை வளைக்க முடியாமை, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுவது, வலிப்பு, எழுப்பினாலும் சரியாக விழிக்காதது: இவை மூளைக்காய்ச்சலின் அறிகுறிகளாக இருக்கலாம். ஒரு கண் மட்டும் வீங்கிப் பிதுங்கி, அசைத்தால் வலித்தால் கண்குழியில் சீழ் பிடித்திருக்கக்கூடும். இரண்டுக்கும் விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

இவை எதுவும் இல்லையென்றாலும் மூன்று நாளாகிவிட்டதால் இன்றே குழந்தைகள் மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கச் சொல்வார். பாராசிட்டமால் எடைக்கு ஏற்ற அளவு: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. நீராகாரம் நிறையக் கொடுங்கள். தடிப்போ உதட்டு வெடிப்போ தெரிந்தால் உடனே போனில் படம் எடுத்து வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது அது மறைந்திருக்கலாம்.