மேலே கட்டும் முன் கீழே ஒரு குழி

கேள்வி: ஐயா, சேலம் அம்மாபேட்டையில் எங்கள் அப்பா 1968-ல் கட்டிய வீடு. 25-க்கு 30 அடி. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய 9 அங்குலச் சுவர், மேலே மெட்ராஸ் டெரஸ். கூடத்தில் கைத்தறி நெய்யக் கால் வைக்கத் தோண்டியிருந்த தறிக்குழியை இருபது வருடத்துக்கு முன்பு மூடிவிட்டோம். வடக்குச் சுவர் பக்கத்து வீட்டுக்கும் பொது. மகனுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறோம். மேலே 700 சதுர அடியில் மாடி எடுக்கலாம் என்று ஆசை. கான்ட்ராக்டர் சதுர அடிக்கு 2,100 ரூபாய், ஆக 14 லட்சத்து 70 ஆயிரம் என்கிறார். கையில் 16 லட்சம் இருக்கிறது. போதுமா?
- வாசகர், அம்மாபேட்டை

பதில்: தறிக்குழியைப் பற்றி மறைக்காமல் எழுதினீர்களே, அதற்கு முதலில் நன்றி. பலர் அதைச் சொல்வதே இல்லை. மூடிய குழியில் என்ன போட்டார்கள்? அநேகமாக உடைந்த ஓடு, செங்கல் துண்டு, வீட்டுக் குப்பை, மேலே ஒரு பூச்சு. அந்தக் குழி சுவரை ஒட்டி இருந்தால், அந்த இடத்தில் அஸ்திவாரத்துக்குப் பக்கபலம் இல்லை என்று அர்த்தம். இத்தனை வருடம் சுவர் நின்றது கூரையை மட்டும் சுமந்ததால்தான்.

இப்போது மேலே என்ன ஏறப் போகிறது என்று பாருங்கள். பத்தடி உயரத்தில் 9 அங்குலச் செங்கல் சுவர் எழுப்பினால், ஓர் அடி நீளத்துக்குச் சுமார் 400 கிலோ. உங்கள் மாடிக்கு உள்சுவரும் சேர்த்து 130 அடி நீளம் வரும். அதுவே 52 டன். ஐந்து அங்குல கான்கிரீட் தளம் சதுர அடிக்கு 30 கிலோ வீதம் 21 டன். பூச்சு, டைல்ஸ், தண்ணீர்த் தொட்டி, மருமகள் கொண்டுவரும் பீரோ எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. பத்து டன் லாரி ஏழு, வீட்டின் தலையில் நிற்கிறது.

அதைத் தாங்க வேண்டிய சுவர் 1968-ல் கட்டியது. அப்போது சிமென்ட் அரசாங்க பெர்மிட்டில்தான் கிடைக்கும். 1982-ல்தான் கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்தது, முழுதாக நீங்கியது 1989-ல். அதனால் அந்தக் காலத்து வீடுகளில் வெளியே சுண்ணாம்புப் பூச்சு பளபளவென்று இருக்கும், உள்ளே மண் சாந்து இருக்கும். சுண்ணாம்புச் சாந்து என்று நீங்கள் நம்புவதைச் சோதித்துவிடுங்கள். அலமாரிக்குப் பின்னால் பூச்சைக் கொஞ்சம் தட்டி எடுத்து, இரண்டு செங்கல்லுக்கு நடுவே ஓர் ஆணியால் கீறிப் பாருங்கள். பொலபொலவென்று கொட்டினால், கான்ட்ராக்டரிடம் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். மெட்ராஸ் டெரஸும் எப்படியும் போக வேண்டியதுதான். மரச்சட்டத்தின் மேல் அடுக்கிய செங்கல் அது, அதன் மேல் சுவர் வைக்க முடியாது.

அப்புறம், குழி. ஒரு மூலையிலும், நடுச்சுவரை ஒட்டியும், தறிக்குழி இருந்த இடத்திலும் அஸ்திவாரத்தின் அடி தெரியும் வரை தோண்டச் சொல்லுங்கள். இரண்டு ஆளுக்கு ஒரு நாள் வேலை. எந்தக் கல், எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம், அடியில் கெட்டியான செம்மண்ணா அல்லது மண்வெட்டி வழுக்கிக்கொண்டு போகும் களியா என்று கண்ணால் பாருங்கள். குமரகிரி ஏரிப் பக்கம் உங்கள் வீடு இருந்தால் இதைத் தவிர்க்கவே கூடாது.

இதை நான் புத்தகம் படித்துச் சொல்லவில்லை. 1993-ல் சேலத்தில் குகை என்ற பகுதியில் ஒரு வீட்டுக்கு மாடி எடுத்தேன். அப்போது நான் மேஸ்திரி. “அஸ்திவாரம் ஆளுயரம் இருக்கு மேஸ்திரி, எங்கப்பா போட்டது” என்றார் வீட்டுக்காரர். நானும் தோண்டாமல் கட்டினேன். அடுத்த மழையில் ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி விரிசல் ஓடியது. அப்போது தோண்டினால், ஒன்றரை அடி ஆழத்தில் வெறும் கருங்கல் அடுக்கு. அந்த மனிதர் என்னைத் திட்டவில்லை, உட்காரவைத்துக் காபி கொடுத்தார். அந்தக் காபி எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

சரி, பணத்துக்கு வருவோம். கான்ட்ராக்டர் சொன்ன 2,100 என்பது மேலே தெரியும் 700 அடிக்கு மட்டும். பழைய கூரையைப் பிரிப்பது, இடிபாட்டை லாரியில் ஏற்றுவது, கீழ்வீட்டுக்குப் புதுத் தளம், மாடிப்படி, மின் இணைப்பு, பிளான் அனுமதிச் செலவு, நீங்கள் வெளியே குடியிருக்கும் மாதங்களின் வாடகை - இவற்றில் எது அந்த 2,100-ல் அடங்கும் என்று எழுதி வாங்குங்கள். கீழ்வீட்டுக்குப் போடும் புதுத் தளம் ஒன்றே, கையில் மிஞ்சும் ஒரு லட்சத்து 30 ஆயிரத்தை விழுங்கிவிடும்.

வீட்டை இடிக்காமல் மாடி வேண்டுமென்றால் பழைய சுவரை நம்பாமல் தரையிலிருந்து தனித்தூண் எழுப்ப வேண்டும். ஒன்பது தூணாவது வரும். பொதுச்சுவர்ப் பக்கம், தூணுக்கு அடியில் அகலமாகப் போடும் கான்கிரீட் அடிப்பாதத்தைப் பக்கத்து வீட்டுக்குள் நீட்ட முடியாது என்பதால் அந்த வரிசைக்கு எஞ்சினீயர் தனியாகக் கணக்குப் போட வேண்டும். சுவரோரக் குழிகளை ஒரே நாளில் தோண்ட விடாதீர்கள்; ஒன்றை முடித்து மூடிய பிறகு அடுத்தது. நில அதிர்வுக்கான 2016-ம் வருட விதித்தொகுப்பு சேலத்தை மிதமான அதிர்வு வரக்கூடிய மூன்றாம் மண்டலத்தில் வைத்திருக்கிறது. லிண்டல் பெல்ட் (கதவு, ஜன்னலுக்கு மேலே சுவரைச் சுற்றி ஓடும் கான்கிரீட் பட்டை) இல்லாத சுண்ணாம்புச் சுவர் மேல் மாடி வைக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

நானாக இருந்தால் மாடியை மறந்துவிட்டு, அதே 16 லட்சத்தில் கீழ்வீட்டை இடித்துக் கட்டுவேன். இரண்டு படுக்கையறை, இரண்டு தளத்துக்கான தூணும் அடிப்பாதமும். மாடியைப் பையன் சம்பாதித்துக் கட்டட்டும். மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500-க்குள், தரைத்தளமும் முதல் தளமும் மட்டும் என்றால் 2024 ஜூலையில் வந்த, நீங்களே உறுதி சொல்லி விண்ணப்பிக்கும் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி வாங்கலாம். பொதுச்சுவர் விஷயத்தை மட்டும் பக்கத்து வீட்டுக்காரரோடு இப்போதே பேசி எழுதிக்கொள்ளுங்கள். இன்னொன்று: டெரஸில் இருக்கும் உத்தரம் தேக்காக இருந்தால், “இடிக்கும் கூலிக்குக் கழித்துக்கொள்கிறேன்” என்று யார் சொன்னாலும் தலையாட்டாதீர்கள். பழைய மரக்கடையில் விலை கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

கேள்வி: 1996-ல் தூண் போட்டுக் கட்டிய வீடு. மாடிக்கென்று மொட்டைமாடியில் விட்டுவைத்த கம்பிகள் துருப்பிடித்துவிட்டன. அவற்றிலேயே இணைக்கலாமா?
- வாசகி, சூரமங்கலம்

பதில்: அம்மா, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை விட, அது கான்கிரீட்டுக்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள். மழைநீர் தேங்குவது அங்கேதான், கம்பி இளைப்பதும் அங்கேதான். தூண் தலையைக் கொத்தி நல்ல கம்பி தெரியும் வரை இறங்கச் சொல்லுங்கள். கம்பி பிரஷ்ஷில் தேய்த்த பின் தடிமன் குறையாமல் இருந்தால் இணைக்கலாம். 16 மில்லி கம்பி என்றால் பழையதும் புதியதும் 80 சென்டிமீட்டராவது ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். ஒரு முழம் போதும் என்று கம்பி கட்டுபவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சிமென்ட் வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் வாங்கிய மதிப்பீடு என்றால் புதிதாகக் கேளுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் ஓட்டு வீடு. மேலே ஓர் அறை மட்டும் எடுக்க எவ்வளவு ஆகும்?
- வாசகர், ஏற்காடு

பதில்: சேலத்து விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் ஒவ்வொரு மூட்டைக்கும் வண்டி வாடகை தனி. லாரி நிற்கும் இடத்திலிருந்து வீடு வரை தலைச்சுமைக் கூலி அதற்கும் தனி. ஓட்டைப் பிரிக்காமல், சரிவில் வீட்டுக்குப் பக்கத்தில் சமதளம் இருந்தால் அறையை அங்கே தரையிலேயே கட்டுங்கள். மலைப்பகுதிக்கு விதிகள் வேறு என்பதால், எதுவானாலும் பிளான் வரையக் கொடுப்பதற்கு முன் நகர ஊரமைப்பு அலுவலகத்துக்கு ஒருமுறை இறங்கி வந்து கேட்டுவிடுங்கள். பட்டா நகலையும் எடுத்து வாருங்கள்.