யார் அளந்தால் எவ்வளவு வலி?

வலி உணர்திறனை அளப்பது பற்றி வாசகர்கள் கேட்டவையும் எங்கள் பதில்களும்.

கேள்வி: பிசியோதெரபி படிக்கிறேன். ஒரே ஆளின் கழுத்துத் தசையில் அல்கோமீட்டரை (எவ்வளவு அழுத்தினால் வலிக்கிறது என்று அளக்கும் கருவி) வைத்து அளந்தால் எனக்கு 220 கிலோபாஸ்கல் வருகிறது, என் தோழிக்கு 300. கருவியைச் சரிபார்த்துவிட்டோம். யாருடைய அளவு சரி?

பதில்: கருவி இருக்கட்டும், முதலில் உங்கள் கைகளைப் பாருங்கள். 1 சதுர செ.மீ. ரப்பர் முனை தோலுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தால் விளிம்பு குத்தும், வலி முன்கூட்டியே வந்துவிடும். அடுத்தது வேகம். நொடிக்கு 30 முதல் 50 கிலோபாஸ்கல் வரை ஏற்றுவது வழக்கம். வலி தொடங்கியதும் அளக்கப்படுபவர் தன் கையிலுள்ள பட்டனை அழுத்த அரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 40 என்று ஏற்றினால் அந்தத் தாமதத்தில் 20 கிலோபாஸ்கல் கூடும். 100 என்று ஏற்றினால் 50 கூடும். தோழி அவசரக்காரி என்றால் வித்தியாசத்தில் ஒரு பங்கு இங்கேயே கணக்காகிவிடும். எலக்ட்ரானிக் தராசின் மேல் முனையை அழுத்திப் பழகுங்கள்: நொடிக்கு 40 கிலோபாஸ்கல் என்றால், அந்த முனைக்குத் தராசில் நொடிக்குச் சுமார் 400 கிராம் ஏற வேண்டும்.

மீதி உங்கள் வாயில் இருக்கிறது. "வலித்தால் சொல்லுங்கள்" என்று நீங்களும், "முடியலைன்னா சொல்லுங்க" என்று தோழியும் சொன்னால், நீங்கள் அளப்பது வலி தொடங்கும் புள்ளி, அவர் அளப்பது ஏறக்குறைய தாங்கும் எல்லை. இரண்டும் வேறு வேறு அளவுகள். இப்படி எழுதி வைத்து, இருவரும் அப்படியே வாசியுங்கள்: "அழுத்தம் மெல்லக் கூடும். அது வலியாக மாறும் அந்தக் கணத்தில் பட்டனை அழுத்துங்கள். எவ்வளவு தாங்குகிறீர்கள் என்று நான் பார்க்கவில்லை." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் பலரும் இதைப் பரீட்சை என்றே எடுத்துக்கொள்வார்கள்.

வேறோர் இடத்தில் ஒருமுறை அழுத்திக் காட்டி, அதைக் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள். பிறகு, அளக்கும் புள்ளியைப் பேனாவால் குறித்து, குறைந்தது 30 நொடி இடைவெளியில் மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். திரை அவர் கண்ணில் படக்கூடாது. நடுவில் "சூப்பர், நல்லா தாங்குறீங்க" என்று ஒரு வார்த்தை விழுந்தால் அடுத்த அளவு ஏறிவிடும்.

கேள்வி: அளப்பவர் ஆணா பெண்ணா என்பதுகூட முடிவை மாற்றும் என்கிறார்களே?

பதில்: மாற்றியிருக்கிறது. லெவின், டி சிமோன் என்ற ஆய்வாளர்கள் 1991-இல் வெளியிட்ட பனிநீர்ச் சோதனையில், கையை நீரில் வைத்திருந்த ஆண்கள், பெண் பரிசோதகரிடம் குறைவான வலியையே சொன்னார்கள். 2004-இல் காலாய் குழு பரிசோதகரின் பதவியையும் சேர்த்துப் பார்த்தது. எதிர்ப்பாலினத்தவர் அளந்தபோதும், மாணவருக்குப் பதில் ஆசிரியர் என்று அறிமுகமானவர் அளந்தபோதும், ஆட்கள் கூடுதல் நேரம் தாங்கினார்கள். ஆகவே வெள்ளைக் கோட்டும் "டாக்டர்" என்ற அறிமுகமும்கூடப் பதிவேட்டில் ஏற வேண்டிய விவரங்கள். தாங்கும் நேரம், வலி தொடங்கும் புள்ளியைவிட எளிதாக அசைந்து கொடுக்கும். அதில் ரோஷத்துக்கு இடம் அதிகம்.

கேள்வி: அப்படியானால் வலி மாறவில்லை, ஆட்கள் மாற்றிச் சொல்கிறார்கள் என்பதுதானே?

பதில்: அதுவும் உண்டு, அது மட்டும் இல்லை. ரோஷம் பார்க்காத சுண்டெலிகளை எடுத்துக்கொள்வோம். 49 டிகிரி வெந்நீரில் வாலை நனைத்து, இழுத்துக்கொள்ளும் நேரத்தைக் குறித்த 8,000-க்கும் மேற்பட்ட பதிவுகளை 2002-இல் அலசினார்கள். மரபணு வகையைவிட, அளந்தவர் யார் என்பதே பெரிய வேறுபாட்டைத் தந்தது. 2014-இல் வலி ஆய்வாளர் மோகிலின் ஆய்வகம் ஒரு காரணத்தைக் காட்டியது: ஆண்கள் அருகில் இருந்தாலோ, அவர்கள் அணிந்த டி-ஷர்ட் இருந்தாலோகூட எலிகளுக்கு மன அழுத்தம் ஏறி, வலி எதிர்வினை அடங்கிவிடுகிறது. அந்த வாசனை பழகப் பழக விளைவு தேய்கிறது. எலிகள் இருக்கும் அறைக்குள் போன உடனே அளக்கத் தொடங்காதீர்கள் என்பது இதனால்தான்.

மனிதர்களிடம் கிரேஸ்லி குழு 1985-இல் செய்தது இன்னும் நுட்பமானது. ஞானப்பல் எடுத்தவர்களுக்கு ஊசி போட்ட மருத்துவர்கள், ஒரு கட்டத்தில் ஊசியில் இருக்கக்கூடிய மருந்துகளின் பட்டியலில் ஃபெண்டனில் என்னும் வலிநிவாரணி இல்லவே இல்லை என்று அறிந்திருந்தார்கள். மறு கட்டத்தில் அதுவும் இருக்கலாம் என்று அறிந்திருந்தார்கள். நோயாளிகளுக்குச் சொன்னது இரண்டு கட்டத்திலும் ஒன்றுதான். வெறும் போலி மருந்து பெற்றவர்களை மட்டும் ஒப்பிட்டால், இரண்டாம் கட்டத்தில் வலி குறைவு. ஊசி போட்டவர் வாய்திறந்து எதுவும் சொல்லவில்லை; முகமும் குரலும் சொல்லியிருக்க வேண்டும்.

கேள்வி: செவிலியராக இருக்கிறேன். ஊசி போடும் முன் "கொஞ்சம் வலிக்கும்" என்று எச்சரிப்பது நல்லதுதானே?

பதில்: நல்லெண்ணம்தான், பலன் எதிர்மாறு. இப்படிப்பட்ட எச்சரிக்கை வலியையும் பதற்றத்தையும் கூட்டியதையும், "ஐயோ பாவம்" வகை ஆறுதல் வலியைக் கூட்டாவிட்டாலும் பதற்றத்தைக் கூட்டியதையும் 2005-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. "வலிக்கவே வலிக்காது" என்று பொய்யும் வேண்டாம். "இப்போது மருந்து போடுகிறேன், மூச்சை மெதுவாக விடுங்கள்" என்று செய்வதைச் சொன்னால் போதும். பிறகு 0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்கும்போதும் "ரொம்ப வலிக்குதா?" என்று தொடங்காதீர்கள். 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் கற்பனைக்கு எட்டிய மிக மோசமான வலி என்று இரு முனைகளையும் சொல்லிவிட்டு எண்ணைக் கேளுங்கள்.

கேள்வி: அளக்கும்போது கணவரோ அம்மாவோ உடன் இருக்கலாமா?

பதில்: ஆய்வு என்றால் வெளியே. சிகிச்சை என்றால் இருக்கலாம். ஆனால் முதல் நாள் இருந்தவர் கடைசி நாளும் இருக்கட்டும்.

கேள்வி: தோலைச் சூடாக்கி வலி அளக்கும், கணினி இயக்கும் வெப்பக் கருவி வாங்கினால் இந்தத் தொல்லை தீருமா?

பதில்: கை வேகத் தொல்லை தீரும். 32 டிகிரியில் தொடங்கி, நொடிக்கு 1 டிகிரி ஏற்றி, 50-இல் தானே நின்றுவிடும். ஆனால் வரவேற்பதும் விளக்குவதும் கருவியின் பட்டையைக் கட்டுவதும் ஆள்தான். யாருக்கு எந்தச் சிகிச்சை என்று அந்த ஆளுக்குத் தெரியக்கூடாது. ஒருவருக்கு முன்னும் பின்னும் ஒரே ஆள் அளக்க வேண்டும். இரண்டு பேர் அளந்தால், இரு குழுக்களிலும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சிகிச்சைக் குழுவை ஒருவரும் ஒப்பீட்டுக் குழுவை மற்றவரும் அளந்துவிட்டால், வித்தியாசம் சிகிச்சையால் வந்ததா அளந்தவரால் வந்ததா என்பதை எந்தப் புள்ளியியலாலும் பிரித்துச் சொல்ல முடியாது.