நான்கு நாள் நடை, நாற்பது சந்தேகம்

ஐஸ்லாந்தின் லோய்கவேகுர் மலைப்பாதையைப் பற்றி மட்டும் இந்த முறை ஒரு கட்டுக் கடிதங்கள். தெரியாதவர்களுக்கு: லான்ட்மன்னலோய்கரில் தொடங்கி தோர்ஸ்மோர்க் பள்ளத்தாக்கில் முடியும், சுமார் 55 கிலோமீட்டர். பகலில் ஆவி கக்கும் மஞ்சள் மலைகள், கரும்பாறை, சாம்பல் மணல், பாலமில்லாத ஆறுகள் என்று நடை. இரவில் குடிலில் தூக்கம். கைடோடு பேக்கேஜாக விற்கிறார்கள். விற்பது எளிது, வாங்குவதுதான் சிக்கல் என்று கடிதங்களைப் பார்த்தால் தெரிகிறது. எல்லாவற்றையும் சுருக்கியிருக்கிறேன். ஏஜென்சிகளுக்கு விட்ட சாபங்களையும் எடுத்துவிட்டேன், நியாயமானவைதான் என்றாலும்.

கேள்வி: விளம்பரப் படத்தில் இரட்டைக் கட்டில், வெள்ளைப் போர்வை, ஜன்னலுக்கு வெளியே பனிமலை. போய்ப் பார்த்தால் ஒரே கூடம், அடுக்குப் படுக்கை, பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவரின் குறட்டை. போர்வையே கிடையாது. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: படத்துக்காகக் கேட்கலாம். குறட்டைக்காகக் கேட்க முடியாது.

இந்தப் பாதையின் குடில்களைப் பெரும்பாலும் நடத்துவது ஃபெர்தாஃபேலாக் ஈஸ்லாண்ட்ஸ் என்ற நடையர் சங்கம். 1927-இல் தொடங்கியது. அவர்கள் தருவது மெத்தை, காஸ் அடுப்பு, பாத்திரம், தலைக்கு மேல் கூரை. தூக்கப்பை உங்களுடையது, சாப்பாடு உங்களுடையது அல்லது உங்கள் கைடு சுமந்து வருவது. சில படுக்கைகளில் இரண்டு பேர் ஒட்டிப் படுக்க வேண்டும். ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கும் ஹ்ராஃப்ன்டின்னுஸ்கெர் குடிலில் குளியலறை கிடையாது, உங்கள் குப்பையையும் நீங்களேதான் சுமந்து இறங்க வேண்டும். இவ்வளவும் தெரிந்தே ஒருவர் வெள்ளைப் போர்வைப் படத்தைப் போட்டிருக்கிறார் என்றால் அது தவறுதலாக வந்த படமல்ல.

அந்த விளம்பரப் பக்கத்தை அவர்கள் மாற்றுவதற்குள் படம் பிடித்து வையுங்கள். கேட்க வேண்டியது முழுப் பணம் அல்ல, விலைக்குறைப்பு. நீங்கள் அங்கே தூங்கி எழுந்துவிட்டீர்களே.

கேள்வி: காலையில் சீக்கிரம் நடக்கத் தொடங்கலாம் என்று 'லோய்கவேகுர்' என்று முகவரி போட்ட ஓட்டலில் இரண்டு இரவு பதிவு செய்துவிட்டேன். ரத்து செய்ய முடியாத அறை. அங்கிருந்து பாதையின் தொடக்கம் எவ்வளவு தூரம்?

பதில்: பேருந்தில் சுமார் நான்கு மணி நேரம். நீங்கள் பதிவு செய்திருப்பது தலைநகர் ரெய்க்யவிக்கின் கடைத்தெருவில். தெருவுக்கும் அதே பெயர், பாதைக்கும் அதே பெயர். வரைபடத்தை ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது. ஓட்டல்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை. கடைத்தெருவை நன்றாகச் சுற்றிப் பாருங்கள்.

கேள்வி: நான்கு நாள் பேக்கேஜ். கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போது, "போதிய ஆட்கள் சேரவில்லை, ரத்து" என்று மின்னஞ்சல். பணத்துக்குப் பதிலாக அடுத்த கோடைக்கான வவுச்சர் தருகிறார்களாம். வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். விற்றது ஐஸ்லாந்து நிறுவனம் என்றால் சட்டம் உங்கள் பக்கம். ஐரோப்பியப் பேக்கேஜ் பயண விதிகளை ஐஸ்லாந்து 2018-இல் தன் சட்டமாகவே ஆக்கிக்கொண்டது. ஆள் சேரவில்லை என்று ரத்து செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு, ஆனால் குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கையை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். இரண்டு முதல் ஆறு நாள் பயணம் என்றால் கிளம்ப ஏழு நாள் இருக்கும்போதே சொல்லிவிடவும் வேண்டும். உங்களுக்கு ஐந்து நாள் இருக்கும்போதுதான் சொல்லியிருக்கிறார்கள். முழுப் பணமும் 14 நாளுக்குள் வர வேண்டும், அதற்கு மேல் இழப்பீடும் கேட்கலாம். வவுச்சர் என்பது உங்கள் பணத்தை அவர்களே ஒரு வருடம் வட்டியில்லாமல் வைத்துக்கொள்வது. மரியாதையாக, எழுத்தில், தேதி போட்டு மறுத்துவிடுங்கள்.

கேள்வி: கணவருக்குக் கால் சுளுக்கு. அவர் இடத்தில் என் தம்பி வரலாமா? ஏஜென்சி முடியாது என்கிறது.

பதில்: முடியும். ஏழு நாளுக்கு முன்பே எழுத்தில் தெரிவித்துவிட்டால் அவர்கள் மறுக்க முடியாது. பெயர் மாற்ற உண்மையில் ஆகும் செலவை மட்டும் கட்டுங்கள். கணவருக்கு என் அனுதாபம்.

கேள்வி: இரண்டாம் நாள் காற்றும் மழையும். கைடு எங்களைக் குடிலை விட்டு வெளியே விடவில்லை. மற்றொரு குழு கிளம்பிப் போனது. ஒரு நாள் வீணாகி, கடைசிப் பகுதியை வண்டியில் கடக்க வேண்டியதாயிற்று. அந்த ஒரு நாளுக்கான பணத்தையாவது கேட்டு எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள்.

2004 ஜூன் மாதம், கோடையில், ஹ்ராஃப்ன்டின்னுஸ்கெர் குடிலுக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத இடத்தில் 25 வயது இளைஞர் ஒருவர் பனிப்புயலில் சிக்கி இறந்தார். பாதையோரம் அவருக்காக ஒரு கற்குவியலும் நினைவுப் பலகையும் இருக்கின்றன. நீங்களும் அதைத் தாண்டித்தான் நடந்திருப்பீர்கள். கைடுக்கு நீங்கள் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி அந்த ஒரு வார்த்தைக்கானது: "இன்று வேண்டாம்." வாங்கிய பொருள் சரியாக வேலை செய்ததற்குப் பணத்தைத் திருப்பிக் கேட்கும் முதல் வாடிக்கையாளர் நீங்கள்தான்.

கேள்வி: பேக்கேஜை ஒரு இணையதளத்தில் வாங்கினேன். ரெய்க்யவிக்கில் விடியற்காலை ஆறரைக்குப் பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். கைடின் பட்டியலில் என் பெயர் இல்லை. இணையதளம், "நாங்கள் இடைத்தரகர் மட்டும்" என்கிறது. பயணம் நடத்தும் நிறுவனம், "உங்கள் பணம் எங்களுக்கு வரவே இல்லை" என்கிறது. இரண்டு மாதமாக இரண்டு பேரும் என்னைப் பந்தாடுகிறார்கள். என் தவறு என்ன?

பதில்: உங்கள் தவறு எதுவும் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பட்டியல் விவகாரத்தில் எனக்கும் ஒரு தழும்பு உண்டு. சில கோடைகளுக்கு முன் நானும் அதே ஊரில் அதே மாதிரி ஒரு நிறுத்தத்தில் நின்றேன். என் கையில் இருந்த தாளில் "உள்ளூர்க் கூட்டாளி உங்களைச் சந்திப்பார்" என்று இருந்தது. யார் அந்தக் கூட்டாளி என்று வாங்கும்போது கேட்கத் தோன்றவில்லை. விலை மற்ற இடங்களைவிடக் குறைவாக இருந்தது, எனக்கு அது போதுமானதாக இருந்தது. கடைசியில் பேருந்துக்கு இரண்டாம் தடவை பணம் கட்டினேன். குடில்கள் நிரம்பிவிட்டதால் வாடகைக் கூடாரத்தில் நான்கு இரவு. அந்தக் காற்றில் கூடாரத்துக்குள் படுத்திருப்பது, யாரோ இரவு முழுக்கத் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் படுத்திருப்பது போல.

அதனால் இதில் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். "கூட்டாளி" என்ற சொல்லைத் தடை செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் கோரிக்கை. பயணம் நன்றாக நடந்தால் எல்லோரும் கூட்டாளி, கெட்டுப்போனால் யாரும் யாருக்கும் உறவில்லை. ஆனால் சட்டத்தில் கூட்டாளி என்று ஒருவர் கிடையாது, ஏற்பாட்டாளர் என்று ஒருவர் உண்டு. தங்கல், பேருந்து, கைடு ஆகியவற்றைச் சேர்த்து ஒரே விலைக்கு விற்பவர் அவர். குடிலை வேறு யாரோ நடத்தலாம், பேருந்தை வேறு யாரோ ஓட்டலாம். எதில் கோளாறு வந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அந்த ஏற்பாட்டாளர்தான். "அது பேருந்துக்காரர் தப்பு" என்று அவர் உங்களிடம் சொல்லவே முடியாது.

பணம் வாங்குவதற்கு முன்பே உங்களுக்கு ஒரு தகவல் படிவம் தர வேண்டும். ஏற்பாட்டாளர் யார், அவர் திவாலானால் உங்கள் பணத்துக்கு யார் காப்பு என்று அதில் எழுதியிருக்கும். ஐஸ்லாந்தில் இந்தத் தொழில் செய்ய ஃபெர்தாமாலஸ்டோவா என்ற சுற்றுலா வாரியத்தின் உரிமம் வேண்டும், திவால் காப்புப் பணமும் கட்டியிருக்க வேண்டும். பயணம் நடத்துபவர் எழுத்தில் ஒரு பாதுகாப்புத் திட்டமும் வைத்திருக்க வேண்டும். கேட்டால் காட்டுவார்கள். காட்ட யோசிப்பவரிடம் வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

சரி, இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. ரசீதில் யார் பெயர் இருக்கிறது, கார்டு கணக்கில் யார் பெயர் வந்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டும் இணையதளமாகத்தான் இருக்கும். கார்டில் கட்டியிருந்தால் இன்றே வங்கிக்கு எழுதி, "வாங்கிய சேவை தரப்படவில்லை" என்று சார்ஜ்பேக் கேளுங்கள், அதாவது கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது. அதற்குக் காலக்கெடு உண்டு, இரண்டு மாதத்தை ஏற்கெனவே பந்தாட்டத்தில் இழந்துவிட்டீர்கள். "பணம் வரவில்லை" என்று பயண நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சலை இணைத்து அனுப்புங்கள். அவர்கள் கை கழுவ எழுதிய கடிதம்தான் உங்களுக்கு மிக நல்ல சாட்சி.

கேள்வி: தூக்கப்பையின் உறையில் மைனஸ் 10 என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. ஜூலை மாதம், உறைநிலைக்கு மேல்தான் இருந்தது, அப்படியும் நடுங்கினேன். போலிப் பொருளா?

பதில்: போலியாக இருக்காது. எந்த எண்ணைப் பெரிதாக அச்சிடுவது என்பதில்தான் வியாபாரம் இருக்கிறது. தரநிலைப்படி சோதித்த பையில் மூன்று வெப்பநிலைகள் இருக்கும். முதலாவது சுகமாகத் தூங்கக்கூடியது. இரண்டாவது சுருண்டு படுத்துச் சமாளிக்கக்கூடியது. மூன்றாவது உச்ச எண், உறைந்து சாகாமல் சில மணி நேரம் தாக்குப்பிடிப்பதற்கானது. மைனஸ் 10 அந்த மூன்றாவதாக இருக்கும். உள்ளே தைத்திருக்கும் சின்னச் சீட்டில் முதல் எண்ணைத் தேடிப் பாருங்கள். எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். என் அலமாரியிலும் அப்படி ஒரு பை இருக்கிறது, நாய் படுக்க உதவுகிறது.

கேள்வி: விசாவுக்கு 30,000 யூரோ காப்பீடு எடுத்தாயிற்று. அது போதும்தானே? எரிமலை வெடித்தால்?

பதில்: 30,000 என்பது ஷெங்கன் விசாவுக்கான (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா) குறைந்தபட்சம், அதற்காக அளந்து வாங்கியது அதற்கு மட்டும் போதும். அந்தப் பத்திரத்தில் மலை நடை விலக்கப்பட்டிருக்கிறதா, எத்தனை மீட்டர் உயரம் வரை என்று பாருங்கள். ஐஸ்லாந்தில் தேடி மீட்க வருபவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். ஆஸ்பத்திரி அப்படியல்ல.

வெடிப்பால் பயணமே நடத்த முடியாமல் போனால் பேக்கேஜ் பணம் முழுவதும் ஏற்பாட்டாளரிடமிருந்து வர வேண்டும். தனியாக வாங்கிய விமான டிக்கெட் அவர் பொறுப்பல்ல. 2010 ஏப்ரலில் எய்யாஃப்யாட்லயோகுல் வெடித்தபோது ஐரோப்பாவின் வான்வழியே பல நாள் மூடிக்கிடந்தது. செய்தி வந்த பிறகு எடுக்கும் காப்பீடு அந்த வெடிப்புக்குச் செல்லாது, எனவே டிக்கெட் வாங்கும் அன்றே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பாதையில் குறிக்கம்பு நட்டிருக்கிறார்களாம். பிறகு கைடு எதற்கு? தண்டச் செலவுதானே?

பதில்: கைடு இல்லாமல் நடப்பவர்கள் நிறைய. பனிமூட்டத்தில் அடுத்த கம்பு தெரியாது. உருகும் தண்ணீர் வரும் ஆறு மதியத்துக்கு மேல் ஏறும். எந்த இடத்தில் இறங்குவது, முதுகுப்பையின் இடுப்பு வாரை எப்போது அவிழ்ப்பது என்பதெல்லாம் உங்களுக்குப் பழக்கம் என்றால் பணத்தை மிச்சம் பிடியுங்கள். இந்தக் கேள்வியையே எழுதிக் கேட்கிறீர்கள் என்றால் கைடு எடுங்கள்.

கேள்வி: ஜூன் முதல் வாரத்துக்கு மலிவு விலையில் ஒரு பேக்கேஜ் கிடைத்தது. பாதி விலை! உடனே கட்டிவிடவா?

பதில்: மேட்டுநிலச் சாலைகள் பெரும்பாலும் ஜூன் நடுவிலோ கடைசியிலோதான் திறக்கின்றன, குடில்களும் அப்போதுதான். நீங்கள் வாங்கப் போவது பூட்டிய சாலைக்கு அந்தப்பக்கம் இருக்கும் பூட்டிய குடில். பாதி விலை அதிகம்.

கேள்வி: குடிலில் போன் சார்ஜ் செய்யலாமா?

பதில்: அதை நம்பிப் போகாதீர்கள். பவர் பேங்க்.

கேள்வி: தள்ளுபடியில் வாங்கிய பூட்ஸ். முதல் நாளே இரண்டு குதிகாலும் புண். கடை திருப்பி எடுக்க மறுக்கிறது.

பதில்: எரிமலைச் சாம்பல் ஒட்டிய பூட்ஸை நானாக இருந்தாலும் எடுக்க மாட்டேன். தையல் விட்டிருந்தால், அடிப்பாகம் கழன்றிருந்தால் எழுதுங்கள், சேர்ந்து சண்டை போடலாம். புண்ணுக்குக் காரணம் நீங்கள் அதை வீட்டில் ஒரு வாரம்கூடப் போட்டு நடக்காதது.

கேள்வி: மழைக்கோட்டு விலை அதிகமாக இருக்கிறது. நல்ல குடை ஒன்று போதுமா?

பதில்: கொண்டு போங்கள். லான்ட்மன்னலோய்கரில் விரித்தால் தோர்ஸ்மோர்க்கில் உங்களுக்கு முன்பே போய் நிற்கும்.