பெட்டி சேர்ந்துவிட்டது, பாட்டு எங்கே?

கேள்வி: நாங்கள் பாம்பன், தங்கச்சிமடம் பகுதியில் ஒரு சிறு இளைஞர் குழு. மறதி நோய் வந்த முதியவர்களுக்கு அவர்களுடைய பழைய பாட்டைப் போட்டுக் காட்டினால் அமைதியாகிறார்கள் என்று ஒரு வெளிநாட்டு வீடியோவில் பார்த்தோம். நாமும் செய்யலாமே என்று, வீட்டில் சும்மா கிடக்கும் ஐபாட், எம்.பி.3 ப்ளேயர், பழைய போன்களை நன்கொடையாகக் கேட்டோம். ஒரு அட்டைப்பெட்டி நிறைய வந்துவிட்டது. பாதி ஓடவில்லை. கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கத்திலும் சில வீடுகளில் கேட்கிறார்கள். எதை வைத்துக்கொள்வது, என்ன பாட்டு ஏற்றுவது, ஹெட்போனா ஸ்பீக்கரா? இதனால் உண்மையிலேயே பலன் உண்டா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதில் தெளிவில்லாமல் இறங்கினால் ஒரு மாதத்திலேயே உங்கள் குழு சோர்ந்துவிடும்.

பலன் உண்டு. ஆனால் வீடியோவில் பார்த்த மாதிரி எல்லோருக்கும் நடக்காது. நீங்கள் பார்த்தது அநேகமாக அமெரிக்காவில் டான் கோஹன் என்பவர் தொடங்கிய வேலையாக இருக்கும். 2006-ல் நியூயார்க் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்கு ஐபாட்களை எடுத்துப்போய், ஒவ்வொருவருக்கும் அவரவர் பாட்டை ஏற்றிக் கொடுத்தார். பிறகு அதுவே மியூசிக் அண்ட் மெமரி என்ற தொண்டு நிறுவனமானது. தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் ஹெட்போன் மாட்டியதும் கண் விரியப் பாடத் தொடங்கும் காட்சி 2012-ல் உலகமெங்கும் பரவியது. அப்படியும் சிலருக்கு நடக்கும். சிலருக்குக் கால்விரல் மட்டும் தாளம் போடும். சிலரிடம் ஒரு மாற்றமும் தெரியாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு 2018-ல் வெளியிட்ட அறிக்கை, இசை சார்ந்த சிகிச்சையால் மனச்சோர்வும் நடத்தைச் சிக்கல்களும் ஓரளவு குறையக்கூடும் என்கிறது. ஞாபகசக்தி கூடும் என்று அது சொல்லவில்லை. ஆகவே வீட்டாரிடம் 'குணமாகிவிடும்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நடந்துகொண்டிருக்கும் மருந்தையும் நிறுத்தக் கூடாது.

இனி முக்கியமான விஷயம். உங்களிடம் பாட்டுப்பெட்டி சேர்ந்துவிட்டது, பாட்டு இன்னும் சேரவில்லை. இந்த வேலையில் முக்கால் பங்கு பாட்டைக் கண்டுபிடிப்பதுதான். பொதுவாக 'பழைய பாடல்கள் ஆயிரம்' என்று ஒரே தொகுப்பை எல்லாப் பெட்டியிலும் ஏற்றிக் கொடுத்தால், அது வீட்டு மூலையில் ஓடும் இன்னொரு ரேடியோவாகத்தான் இருக்கும்.

மனிதர்களுக்குப் பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவை மற்றக் காலத்தைவிட அதிகமாக நினைவில் தங்குகின்றன. 1945-ல் பிறந்தவர் என்றால் 1955 முதல் 1975 வரை அவர் காதில் விழுந்தவற்றைத் தேட வேண்டும். நம் கடற்கரையில் அந்தக் காலத்தை நிரப்பியது பெரும்பாலும் இலங்கை வானொலி. 1952-ல் மத்திய ஒலிபரப்புத் துறை அமைச்சர் கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடமில்லாமல் போனது. 1957-ல் அதே வானொலியின் பாட்டுச் சேவையாக விவிதபாரதி வரும்வரை, அதற்குப் பிறகும்கூட, கடலுக்கு அந்தப் பக்கத்து நிலையம்தான் இங்கே துல்லியமாக எடுத்தது. அதனால் பாட்டோடு சேர்த்து நிகழ்ச்சியையும் விசாரியுங்கள். 'பொங்கும் பூம்புனல்' என்று பெயரைச் சொன்னாலே முகம் மாறுகிறவர்கள் இந்தப் பக்கம் இருக்கிறார்கள்.

நோயாளியிடம் "உங்களுக்குப் பிடித்த பாட்டு என்ன?" என்று கேட்டுப் பயனில்லை. பதில் வராது, வராததால் அவருக்குக் கூச்சமும் எரிச்சலும்தான் வரும். கூடப் பிறந்தவர்களிடம், சம்பந்தி வீட்டில், பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் கேளுங்கள். கேள்வியும் குறிப்பாக இருக்க வேண்டும். "ஐயா கல்யாணத்துல ரேடியோ செட்டுல என்ன ஓடுச்சு?", "அப்பத்தா நெல்லுக் குத்தும்போது வாய்க்குள்ள என்ன முனகும்?", "டூரிங் டாக்கீஸ்ல எந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பாத்தாக?" என்ற மாதிரி. அப்புறம் ஊரில் மைக் செட் வைத்திருந்த பழைய ஆள் யாராவது உயிரோடு இருந்தால் அவரை விடாதீர்கள். எந்தத் தெருவில், எந்த வருஷத்தில், எந்தப் பாட்டுக்குக் கிராக்கி என்பது அவருக்கு விரல்நுனியில் இருக்கும்.

சினிமாவோடு நின்றுவிடாதீர்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் சில வீடுகளில் 'எங்க வாப்பாவுக்குச் சினிமாப் பாட்டு ஆகாது' என்பார்கள். அது அவர்கள் வீட்டு ஒழுக்கம், வாதாட வேண்டாம். அங்கே நபிகள் புகழ் பாடும் மவ்லிது, பைத்து, நாகூர் ஹனிஃபா பாட்டு என்று வளமான பட்டியல் கிடைக்கும். நாகூர் என்று பெயரில் இருந்தாலும் ஹனிஃபா பிறந்தது ராமநாதபுரத்தில்தான். பாம்பன், வேர்க்கோட்டுப் பக்கம் மாதா பாட்டும் செபமாலையும். ராமேஸ்வரத்தில் அதிகாலையில் கேட்டுப் பழகிய தேவாரம், கவசம். கடலுக்குப் போனவர் என்றால் வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு. இது கடையில் கிடைக்காது. அதே கரைவலையில் நின்ற கூட்டாளி இருவரை உட்கார வைத்து, போனிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். சுருதி விலகினாலும் பரவாயில்லை, குரல் பழக்கமான குரல்.

இப்படிச் சேர்ந்ததில் ஒருவருக்கு முப்பது, நாற்பது பாட்டு போதும். முதல் முறை போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். உதடு அசைகிறதா, கட்டில் சட்டத்தில் விரல் தட்டுகிறதா, புருவம் சுருங்குகிறதா, ஹெட்போனைப் பிடுங்கப் பார்க்கிறாரா? ஒவ்வொரு பாட்டுக்கும் நேரே ஒரு குறி போட்டு வையுங்கள். பிடிக்காததை அன்றைக்கே அழித்துவிடலாம்.

அழுகை வரலாம், அதற்குத் தயாராகப் போங்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனபோது பத்து வயதாக இருந்தவர் இன்று எழுபதைத் தாண்டியவர். கடலுக்குப் போன கணவர் திரும்பாத பெண்கள் எத்தனையோ வீட்டில் இருக்கிறார்கள். எந்தப் பாட்டு எதைத் தொடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. லேசாகக் கண் கலங்கி, கூடவே பாடிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். உடம்பு பதறினாலோ, யாரையோ தேடி எழுந்து போக முயன்றாலோ நிறுத்திவிட்டுக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். "ஏன் அழுறீங்க?" என்று குடைய வேண்டாம். ஒப்பாரி, இரங்கற்பா எதையும் தெரியாத்தனமாகக்கூட ஏற்றிவிடாதீர்கள்.

சரி, அட்டைப்பெட்டிக்கு வருவோம்.

ஐபாட் பார்க்க அழகாக இருக்கும், உங்களுக்குத் தலைவலி. ஆப்பிள் 2022-ல் அந்த வரிசையையே நிறுத்திவிட்டது. பழைய மாடலுக்குத் தனி வயர் வேண்டும், பாட்டு ஏற்றக் கணினியில் அதற்கான மென்பொருள் வேண்டும். ஐபாட் டச்சாக இருந்தால், கொடுத்தவர் தன் கணக்கிலிருந்து விடுவித்துத் தராவிட்டால் அழித்தபின் திறக்கவே திறக்காது. மடிக்கணினி தெரிந்த ஒருவர் உங்கள் குழுவில் நிலையாக இருந்தால் மட்டும் ஐபாடை வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், கடைகளில் விற்கும் சிறிய யூ.எஸ்.பி. எஃப்.எம். ஸ்பீக்கர்தான் இந்த ஊருக்குச் சரி. மெமரி கார்டு போடலாம், பட்டன் அழுத்தினால் பாடும். பலவற்றில் பி.எல்-5சி பேட்டரிதான் இருக்கும், எந்த செல்போன் கடையிலும் மாற்றிக்கொள்ளலாம். இரண்டு விஷயம் கவனியுங்கள். விலை குறைந்த ப்ளேயர்கள் பல 32 ஜி.பி.க்கு மேற்பட்ட கார்டைப் படிக்காது. உங்களுக்கு 4 ஜி.பி.யே தாராளம். இன்னொன்று, பெயர் வரிசையை விட்டுவிட்டு, கார்டில் நகல் செய்த வரிசையிலேயே பாடும் பெட்டிகள் உண்டு. அதனால் நன்றாக வேலை செய்த பாட்டை முதலில் நகல் செய்யுங்கள். ப்ளே பட்டனில் சிவப்பு நகப்பூச்சு ஒரு பொட்டு வைத்துவிட்டு, மற்றப் பட்டன்களை டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். தவறுதலாக எஃப்.எம். இரைச்சலுக்கு மாறினால் முதியவர் மிரண்டுவிடுவார்.

பழைய ஸ்மார்ட்போன் வந்தால் சிம்மை எடுத்து, முழுதாக அழித்துவிட்டு, விமான முறையில் போட்டு வையுங்கள். கொடுத்தவருடைய குடும்பப் படங்கள் இன்னொரு வீட்டுக்குப் போய்விடக் கூடாது. பேட்டரி உப்பியிருந்தால், மூடி லேசாகத் தூக்கினாற்போல் தெரிந்தாலும், சார்ஜில் போட்டுப் பார்க்கவே வேண்டாம். அப்படியே ஒதுக்குங்கள்.

ஓடாத பாதியில் பல செத்தவை இல்லை, உப்புக்காற்று பிடித்தவை. பேட்டரி உட்காரும் இடத்துத் தகட்டையும் ஹெட்போன் துளையையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். ரிப்பேர் கடைக்காரர் வைத்திருக்கும் ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) திரவத்தைப் பழைய டூத் பிரஷில் தொட்டுத் தேய்த்து, நன்றாக உலரவிட்டுப் போட்டால் சில பெட்டிகள் பிழைத்துக்கொள்ளும். பிறகு அவற்றை இறுக மூடும் டப்பாவில், ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பாதி சார்ஜில் வைப்பது பேட்டரிக்கு நல்லது. சவூதியிலிருந்தும் துபாயிலிருந்தும் வந்த டூ-இன்-ஒன் டேப்ரெக்கார்டர் கிடைத்தால், பெல்ட் இற்றுப்போயிருக்கும், உடனே ஓடாது. ஆனாலும் தூக்கிப் போடாதீர்கள். கேசட் நுழைத்துப் பட்டனை அமுக்கும் அந்தக் 'கடக்' பல பெரியவர்களின் கைக்குத் தெரியும். பெல்ட் மாற்றக்கூடிய ஆள் ஒருவர் கிடைத்தால் போதும்.

கையில் காசு இருக்கும் வீட்டார் புதிதாக வாங்கட்டுமா என்று கேட்டால், 2017-ல் வந்த சரிகம கார்வான் போன்ற பாட்டு ஏற்றியே வரும் பெட்டிகள் தமிழிலும் உண்டு. அதிலேயே பென்டிரைவும் போடலாம் என்பதால் உங்கள் முப்பது பாட்டை அதில் ஏற்றிவிடலாம். அதிலேயே ஏற்றி வரும் பாட்டுக்குக் காப்புரிமைச் சிக்கலும் இல்லை. ஒரு வீட்டார் தங்கள் கேசட்டைத் தாங்களே நகல் எடுத்துக் கேட்பது ஒன்று, நீங்கள் இணையத்தில் இறக்கியதை நூறு பெட்டியில் ஏற்றி ஊருக்குக் கொடுப்பது வேறு.

ஹெட்போனா ஸ்பீக்கரா? வீட்டில் ஸ்பீக்கர். பேத்தியும் கூடக் கேட்பாள், கூடப் பாடுவாள், பாதிப் பலன் அதில்தான். பலர் ஒரே கூடத்தில் இருக்கும் இல்லத்தில் ஹெட்போன், அதுவும் காதை மூடி உட்காரும் வகை. காதுக்குள் செருகும் இயர்போன் வேண்டாம். விழும், வலிக்கும், ஒருவர் காதழுக்கு இன்னொருவருக்குப் போகும். பஞ்சு உறையை ஆளுக்கொன்றாகப் பெயர் எழுதி வையுங்கள். மாட்டுவதற்கு முன் நீங்கள் போட்டுக் காட்டுங்கள், பிறகு அவர் கையில் கொடுங்கள். பின்னாலிருந்து மாட்டக் கூடாது. பெரியவர்களுக்குக் காது மந்தம் என்று சத்தத்தை ஏற்றிக்கொண்டே போவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம், 80 டெசிபல் என்று வரம்பு சொல்கிறது. உங்களிடம் மீட்டர் இருக்காது. ஹெட்போனுக்கு வெளியே ஒரு கை தூரத்தில் உங்களுக்கே பாட்டு தெளிவாகக் கேட்டால் குறைத்துவிடுங்கள். அதற்கும் முன்னால் காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று செவிலியரிடம் காட்டிவிடுங்கள்.

எப்போது போடுவது என்பதும் முக்கியம். பல முதியவர்களுக்குப் பொழுது சாயும் நேரத்தில் பதற்றம் ஏறும். 'வீட்டுக்குப் போகணும்' என்று வீட்டுக்குள்ளேயே நின்றுகொண்டு கேட்பார்கள். ஐந்து மணிக்கு அது தொடங்குமென்றால் நாலரைக்கே பாட்டைப் போடுங்கள். அமெரிக்கச் செவிலியரும் ஆய்வாளருமான லிண்டா கெர்ட்னர் வகுத்த முறை இதுதான்: பதற்றம் உச்சத்துக்குப் போவதற்கு முன்பே, சுமார் அரை மணி நேரம், அவரவர் பாட்டு. நாள் முழுக்க ஓடவிட்டால் யாருக்கும் காது கொடுக்கத் தோன்றாது. குளிக்கவைக்கும்போது, உடை மாற்றும்போது முரண்டு பிடிப்பவர்களுக்கு அந்த நேரத்தில் போட்டுப் பாருங்கள்.

பெட்டியைக் கொடுக்கும்போது வீட்டில் ஒருவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: தினமும் பட்டனை அமுக்கப்போகிறவர் யார், சார்ஜ் போடப்போகிறவர் யார். 'எல்லோரும் பார்த்துக்குவோம்' என்று பதில் வந்தால் அங்கே கொடுக்க அவசரப்படாதீர்கள். கொடுக்கும்போது போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போடும் ஆசையையும் விட்டுவிடுங்கள். அந்தப் பெரியவரால் சம்மதம் சொல்லவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

நீங்கள் போகும் வீட்டில் 'நாலு நாளாத்தான் இப்படி உளறுறாக' என்று சொன்னால் பாட்டை விட்டுவிட்டு மருத்துவரிடம் அனுப்புங்கள். திடீர்க் குழப்பத்துக்குச் சிறுநீர்த் தொற்று, சர்க்கரை ஏற்ற இறக்கம், ரத்தத்தில் உப்புக் குறைவு என்று சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கலாம். ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மூத்த குடிமக்கள் உதவி எண் 14567, மனநல ஆலோசனைக்கு 14416.

ஒதுக்கிய உப்பிய பேட்டரிகளைக் குப்பையிலோ பழைய இரும்புக்காரரிடமோ போடாதீர்கள். மணல் நிரப்பிய தகர டப்பாவில் போட்டு, மின்கழிவு வாங்கும் மையத்தில் சேர்த்துவிடுங்கள். அடுத்த முறை அறிவிப்பு எழுதும்போது 'ஓடும் நிலையில், சார்ஜருடன், சிம் எடுத்துவிட்டுத் தரவும்' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழேயே, செல்போன் ரிப்பேர் தெரிந்த ஒருவரும் பழைய மைக் செட் ஆள் ஒருவரும் வாரத்தில் ஒரு சாயங்காலம் வேண்டும் என்றும் கேளுங்கள்.