சைக்கிளுக்கென்று ஒரு கண்ணாடி

கேள்வி: ஆரையம்பதியிலிருந்து மட்டக்களப்பு நகரத்துக்குத் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். வயது 46. தூரப் பார்வைக்கு மைனஸ் 3.50, வாசிப்புக்குக் கூடுதலாக 1.50. மேலே தூரத்துக்கும் கீழே வாசிப்புக்குமாகப் பவர் படிப்படியாக மாறும் புரோகிரசிவ் கண்ணாடி போட்ட நாளிலிருந்து முன்சில்லுக்குக் கிட்ட ரோடு கலங்கித் தெரிகிறது. பவரோடு வளைவான கறுப்புக் கண்ணாடி ஒன்று செய்யலாமா?
– வாசகி, ஆரையம்பதி

பதில்: தங்கச்சி, அந்தக் கலக்கம் எனக்கும் வந்தது. முதல் புரோகிரசிவ் போட்ட கிழமையே, காத்தான்குடிக்குக் கிட்ட பஸ்ஸுக்கு விலகும்போது தார் எங்கே முடிகிறது என்று தெரியாமல் சில்லு மணலில் இறங்கி விழுந்தேன். முழங்கை உரிந்தது. 28 வருடமாகக் கல்லடியில் மூக்குக் கண்ணாடிக்கு வில்லை வெட்டுகிறேன், அன்றுதான் உறைத்தது.

புரோகிரசிவ்வின் அடிப்பகுதி வாசிப்புக்கானது. உங்கள் 1.50க்கு, அதன் வழியே ஏறத்தாழ 67 சென்ரிமீற்றர் வரைதான் தெளிவு. ரோட்டுப் பள்ளம் அதற்கப்பால் கிடக்கிறது. அதனால் சைக்கிளுக்குத் தூரப் பவர் மட்டும் உள்ள தனிக் கண்ணாடி செய்யுங்கள். வழியில் போனைப் பார்க்க வேண்டுமா? நின்று, கண்ணாடியைக் கழற்றுங்கள். மைனஸ் 3.50காரருக்கு வெறுங்கண்ணால் ஒரு சாண் தூரத்தில் எழுத்துத் தெளிவாக இருக்கும்.

கறுப்பு வேண்டாம். காலையில் கல்லடிப் பாலத்தில் மேற்கே நகரத்துக்குப் போகும்போது வெயில் உங்கள் முதுகில், பின்னேரம் கிழக்கே திரும்பும்போதும் முதுகில்தான். நகரத்திலிருந்து கல்லடிக்கு வேலைக்கு வருபவருக்குத்தான் இரண்டு நேரமும் முகத்தில். உங்களுக்குத் தொல்லை, பின்னாலிருந்து வரும் வெளிச்சம் வில்லையின் உட்பக்கத்தில் பட்டுக் கண்ணுக்குள் திரும்புவது. ஆகவே ஒளித்தெறிப்பைக் குறைக்கும் கோட்டிங் உட்பக்கமும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மழைக்கால மாலையில் கறுப்பு வில்லை ஆபத்து.

வில்லை பொலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக்காக இருக்கட்டும். கச்சான் காற்றில் பறக்கும் கல்லுக்கும், வயல் ஓரத்து வண்டுக்கும் அது உடைந்து சிதறாது. நிறமில்லாமலே புற ஊதாக் கதிரையும் தடுக்கும். உடையக்கூடிய கிளாஸில் செய்த வில்லை கூடவே கூடாது.

பக்கவாட்டில் நன்கு வளைந்த பிரேமுக்குச் சாதாரண வில்லையை வெட்டிப் போட்டால், ஓரத்தில் தரை சரிந்தது போலத் தெரியும். வளைவுக்கேற்பப் பவரைக் கணக்கிட்டுச் செய்பவர் கிடைத்தால் மட்டும் யோசியுங்கள். இலேசான வளைவும் கொஞ்சம் பெரிய வில்லையும் உங்களுக்குப் போதும்.

கடைக்குச் சைக்கிளையும் கொண்டு போங்கள். பிரேமைப் போட்டு, ஏறியிருந்து, ஹாண்டிலைப் பிடித்தபடி தூரத்தைப் பாருங்கள். குனியும்போது கண் வில்லையின் மேற்பகுதிக்கு ஏறும். பிரேமின் மேல்விளிம்பு ரோட்டை மறைத்தால் அந்தப் பிரேமை விடுங்கள். தலையை இரண்டு தரம் உதறுங்கள், மூக்கில் இறங்கக் கூடாது. இமைமயிர் வில்லையில் உரசவும் கூடாது.

பொலிகார்பனேட் சீக்கிரம் கீறுப்படும். கடற்கரை மணலோடு சேலைத் தலைப்பால் துடைக்காமல், முதலில் தண்ணீரில் கழுவுங்கள். புரோகிரசிவ்வை வீச வேண்டாம், அலுவலக மேசை லாச்சியில் வைத்துவிடுங்கள்.