கல்யாண வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டால் மறுநாள் காலையில் பட்டினி கிடக்கலாமா?

கிடக்க வேண்டாம். பசி வரும்வரை பொறுங்கள், வந்ததும் பயறு கஞ்சி குடியுங்கள்.

நான் நாகர்கோவில்காரன். எங்கள் ஊர்ப் பந்தியில் பருப்பு, நெய், பப்படத்தில் தொடங்கி சாம்பார், புளிசேரி, ரசம் என்று போகும். அடைப் பிரதமனை இலையிலேயே ஊற்றி மட்டிப்பழத்தைப் பிசைந்து சாப்பிட்டு நிமிர்வதற்குள் பால்பாயசம் வந்துவிடும். யாருக்குத்தான் வேண்டாம் என்று சொல்ல மனம் வரும்?

தக்கலையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த மறுநாள் எடை பார்த்தேன். ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. பயந்துபோய்க் காலையில் கட்டன்சாயா (பால் விடாத டீ) மட்டும் குடித்தேன். பதினோரு மணிக்குத் தலை கிறுகிறுத்தது. டீக்கடையில் இரண்டு ரசவடை, ஒரு பழம்பொரி. மதியம் வழக்கத்தைவிட அதிகமாகச் சோறு.

ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டிருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒரு பந்தியில் அதெல்லாம் நடக்காது. உப்பும் மாவுச்சத்தும் உடம்பில் பிடித்துவைக்கும் தண்ணீரும், இன்னும் செரித்து முடியாத சாப்பாடும்தான் அந்த எடை. இரண்டு மூன்று நாளில் தானாக இறங்கிவிடும்.

"மக்களே, வயித்தக் காயப்போடாத, கஞ்சி குடி" என்பாள் அம்மா. அதைத்தான் இப்போது செய்கிறேன். ஒரு கை சம்பா அரிசி, அதே அளவு வறுத்த சிறுபயறு, நாலு பல் பூண்டு, கொஞ்சம் வெந்தயம். தண்ணீர் தாராளமாக விட்டுக் குக்கரில் குழைய வேகவைத்து, இறக்கியபின் உப்பு, கொஞ்சமாக. அரிசி மட்டும் போட்டால் சீக்கிரம் பசிக்கும். பயற்றில் புரதமும் நார்ச்சத்தும் இருப்பதால் மதியம்வரை தாங்கும். தொட்டுக்கொள்ள காணத்துவையல், அதாவது கொள்ளுத் துவையல். பப்படம் அன்று வேண்டாம், முந்தின நாள் உப்பே போதும்.

பாட்டி பழுத்த பிலாவிலையை (பலா இலை) கரண்டிபோலக் கோட்டி, ஈர்க்கால் குத்தித் தருவாள். அதில் ஒரு வாய்க்குக் கொஞ்சம்தான் கோர முடியும். சூட்டோடு ஊதி ஊதிக் குடித்து முடிக்க இருபது நிமிஷம் ஆகும். போதும் என்று வயிறு சொல்வது அப்போதுதான் நமக்குக் கேட்கும். வீட்டருகே பிலாமரம் இருந்தால் கட்டாயம் முயன்று பாருங்கள்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் பசிக்காகக் காத்திருக்கக் கூடாது. வழக்கமான நேரத்திலேயே சாப்பிடுங்கள். அரிசியைப் பாதியாகக் குறைத்துப் பயற்றைக் கூட்டிக்கொள்ளுங்கள்.