ஸ்ட்ராபெரி பழுத்த மாதம்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தது உளவு பயத்தால்தானே? அதில் பணத்துக்கு என்ன வேலை? (வாசகர், கரூர்)

பதில்: பயம் இருந்தது, நிறவெறியும் இருந்தது. காசு மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஜப்பான் போட்ட குண்டு விழுந்தது எங்கே? ஹவாயில், பேர்ல் ஹார்பரில். பயந்துதான் அடைத்தார்கள் என்றால் முதலில் அங்கேதானே அடைத்திருக்க வேண்டும்? அந்தத் தீவுகளில் மூன்றில் ஒருவர் ஜப்பானிய வம்சாவளி, ஒன்றரை லட்சம் பேருக்கு மேல். அடைபட்டதோ சுமார் 2,000 பேர். தோட்டத்திலும் தச்சு வேலையிலும் அவர்கள் இல்லாமல் ஹவாய் ஒரு வாரம் ஓடியிருக்காது.

கலிஃபோர்னியாவில் கதை வேறு. அங்கே அவர்கள் வெள்ளைக்கார விவசாயிகளுக்குப் போட்டியாளர்கள். ஜப்பானிலிருந்து குடியேறியவர்கள் நிலம் வாங்க முடியாதபடி 1913-லேயே சட்டம் போட்டாயிற்று. அவர்கள் குத்தகைக்கு எடுத்தார்கள். அங்கேயே பிறந்த பிள்ளைகள் பெயரில் வாங்கினார்கள். யாரும் சீண்டாத துண்டு நிலங்களில் காய்கறி போட்டார்கள். சந்தைக்கு வந்த ஸ்ட்ராபெரியில் பெரும்பங்கு அவர்களுடையது. சலினாஸ் காய்கறி விவசாயிகள் சங்கத்தின் செயலாளர் ஆஸ்டின் ஆன்சன், 1942 மே மாதம் ஒரு பத்திரிகையிடம் மறைக்காமல் சொன்னார்: சுயநலத்துக்காகவே ஜப்பானியரை விரட்டப் பார்க்கிறோம் என்கிறார்கள், நேர்மையாகச் சொன்னால் அது உண்மைதான் என்று. எனக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

வெளியேற்றத்துக்கு வழிவிட்ட அதிபர் ரூஸ்வெல்ட்டின் உத்தரவு 1942 பிப்ரவரி 19-ல் வந்தது. மேற்குக் கரையிலிருந்து சுமார் 1,20,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள், மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். சாக்ரமெண்டோ பக்கத்தில் ஃப்ளோரின் என்ற ஊர், ஸ்ட்ராபெரிக்குப் பேர்போனது. அந்த ஊரைக் காலி செய்தது மே மாதம், பழம் பறிக்கிற நேரம். அதுவரை வயலைக் கவனிக்காமல் விட்டால் நாசவேலை என்று அதிகாரிகள் மிரட்டியிருந்தார்கள். நான் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். கடன் வாங்கிப் போட்ட வெள்ளாமையைக் கடைசி நாள்வரை தண்ணீர் பாய்ச்சி வளர்த்து, அறுக்கிற வாரத்தில் அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டுப் போ என்றால் அந்த வயிறு எப்படி எரிந்திருக்கும்! லாஸ் ஏஞ்சலஸ் அருகே டெர்மினல் தீவு மீனவர்களுக்குக் கிடைத்தது 48 மணி நேரம். பழைய சாமான் வியாபாரிகள் வீட்டு வாசலிலேயே வந்து நின்று, அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போனார்கள்.

அப்புறம் அதே ஆண்டு ஐடஹோ, மொன்டானா மாநிலங்களில் சர்க்கரை பீட்ரூட் பிடுங்க ஆள் பற்றாக்குறை. ஆபத்தானவர்கள் என்று அடைத்து வைத்தவர்களில் ஆயிரக்கணக்கானோரை வயலுக்கு அனுப்பினார்கள்.

1948-ல் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பியவர்களிடம் ஆதாரம் கேட்டார்கள். மக்கள் கேட்டது சுமார் 14.8 கோடி டாலர். கிடைத்தது 3.7 கோடி சொச்சம்.